நூறும் நாலு கிளிஞ்சலும்

நூறு என்றால் எத்தனை என்று யாராவது என்னைத் திடீரென்று கேட்டால், இந்த வயதிலும் ஒரு நொடி தயங்குவேன். சிரிக்காதீர்கள். சிரிக்கிறவர்கள் எங்கள் அம்மா மீன் எண்ணிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீடு சாந்தோம் மாதா கோயிலுக்குத் தெற்கே, கரையை ஒட்டி இருந்தது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா இருட்டோடு கட்டுமரத்தில் போவார், வெயில் ஏறும்போது திரும்புவார். வலையிலிருந்து மீன் மணலில் விழுந்ததும் அம்மாவின் வேலை ஆரம்பமாகும். கவளை, கானாங்கத்தை மாதிரி சின்ன மீனெல்லாம் எங்கள் கரையில் நூறு கணக்கில்தான் கைமாறும். எண்ணுகிறவள் அம்மா. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாளென்றால் வலது கையில் இரண்டு மீன், இடது கையில் இரண்டு மீன். இரண்டு கையும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பும். ஒரு வீச்சுக்கு நாலு மீன், இருபத்தைந்து வீச்சுக்கு நூறு.

ஆனால் முதல் வீச்சை அம்மா 'ஒண்ணு' என்று சொல்லமாட்டாள். 'லாபம்' என்பாள். அடுத்த வீச்சுதான் ஒன்று. லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ராகம்போட்டுப் போய் இருபத்தஞ்சில் நிற்பாள். அந்த முதல் நாலு மீன் கணக்கில் சேராது. அது வாங்குகிறவளுக்குச் சும்மா. ஆகவே எங்கள் கரையின் நூற்றில் நூற்று நாலு மீன் இருக்கும். நெல் அளக்கிறவர்களும் முதல் மரக்காலை லாபம் என்றுதான் சொல்வார்கள் என்று எனக்குப் பிற்பாடு தெரிந்தது. ஆனால் அவர்கள் அதையும் ஒன்று என்று கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். கெட்டிக்காரர்கள்!

அம்மாவுக்கு ஓரெழுத்து படிக்கத் தெரியாது. நகை நட்டு கிடையாது. அவளிடம் இருந்த ஒரே பெருமை அந்த எண்ணிக்கைதான். அவள் எண்ணிப் போட்ட கூடையை யாரும் திருப்பி எண்ணமாட்டார்கள். சண்டை என்று வந்தால்கூட, "அந்தம்மா எண்ணிச்சா? அப்போ சரியாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். நான் அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நைனாவின் ஆசை. அம்மா அரை மனதோடு ஒப்புக்கொண்டாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். "ரெண்டாங்கிளாசு தேறினா மேல படி. தேறலைன்னு வெச்சுக்கோ, அடுத்த நாளே கூடையத் தூக்கிக்கினு என்கூட வரணும்." வாயால் மட்டும் சொல்லவில்லை. மயிலாப்பூர் தேர்த் திருவிழாக் கடையில் என் தலைக்கு அளவாக ஒரு சின்னக் கூடை வாங்கி, அடுப்புக்கு மேலே மூங்கிலில் மாட்டியும் வைத்துவிட்டாள். சோறு தின்ன உட்கார்ந்தால் அதுதான் கண்ணில் படும்.

படிப்பின் மேல் எனக்குப் பெரிய மோகம் இருந்தது என்றெல்லாம் இப்போது கதை விடமாட்டேன். கூடையைச் சுமந்து மந்தைவெளித் தெருக்களில் "மீனே" என்று கூவ எனக்கு வெட்கமாக இருந்தது, அது ஒன்று. டீச்சரைப் பிடித்திருந்தது, அது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய காரணம்.

நான் இரண்டாம் வகுப்புக்கு வந்த வருஷம்தான் டீச்சரும் வந்தார்கள். மயிலாப்பூர்க் குளக்கரைப் பக்கமிருந்து நடந்தே வருவார்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கலாம். பொட்டில்லாத நெற்றி. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, பிறகு படித்து, பயிற்சியும் முடித்து வேலைக்கு வந்தவர்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். எங்கள் பள்ளிக்கூடம் ஓடு வேய்ந்த இரண்டே அறை. அதுவரை அங்கே கணக்கென்றால் ஒரு பிள்ளை எழுந்து வாய்ப்பாட்டைக் கத்தும், மற்றதெல்லாம் திருப்பிக் கத்தும். தெருவில் போகிற வண்டி மாடு மிரளும். டீச்சர் வந்த மறுவாரமே காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"கத்தினது போறும். நாளைக்கு எல்லாரும் ஆத்துலேர்ந்து நூறு புளியங்கொட்டை கொண்டு வாங்கோ. பையிலே போட்டு, வாயைக் கட்டிண்டு வரணும். ஆனா நீங்களா எண்ணப்படாது. அம்மாவோ அப்பாவோ கூட உக்காந்து எண்ணித் தரணும், ஆமாம்" என்றார்கள்.

ஏன் அப்படி என்று ஒரு பெண் கேட்டாள். "நீ இங்கே என்ன படிக்கறேன்னு அவாளுக்கும் தெரிய வேண்டாமா?" என்றார்கள் டீச்சர். அந்தக் காலத்தில் எந்த வாத்தியாரும் அப்படி யோசித்ததில்லை. வீட்டில் போய்ச் சொன்னபோது அம்மா உடனே நம்பவில்லை.

"நான் எண்ணிக் குடுக்கணுமா? மெய்யாலுமே டீச்சரம்மா அப்டியா சொல்லிச்சு?" என்று மூன்று தரம் கேட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. புளியங்கொட்டை வேண்டாம் என்று அவளே தீர்மானித்தாள். சாயங்காலம் அலை ஓரமாகப் போய் ஒரே அளவில் வெள்ளைக் கிளிஞ்சலாகப் பொறுக்கி, கழுவி, துடைத்துக் காயவைத்தாள். பழைய பாவாடைத் துணியில் பை தைத்தாள். அப்புறம் உட்கார்ந்து இரண்டு கையாலும் எண்ணிப் போட்டாள். லாபம், ஒண்ணு, ரெண்டு. பையின் வாயை இறுக்கிக் கட்டி என் கையில் கொடுத்தபோது, "யாரு வேணாலும் அவுத்துப் பாக்கட்டும்" என்றாள்.

அவிழ்த்துத்தான் பார்த்தார்கள். மறுநாள் எல்லாரையும் தரையில் உட்கார வைத்து, பத்துப் பத்தாகக் குவியல் வைக்கச் சொன்னார்கள் டீச்சர். பத்துக் குவியல் வந்தால் நூறு. என் பக்கத்துப் பெண்ணுக்குப் பத்து வந்தது. எதிர்ப் பையனுக்கும் வந்தது. எனக்கும் பத்து வந்தது, கூடவே நாலு கிளிஞ்சல் மீந்து நின்றது.

"பதறாத காரியம் சிதறாதுடி. மெள்ள எண்ணு" என்றார்கள். மெள்ள எண்ணினேன். மறுபடியும் நாலு.

"நாலு ஜாஸ்தியா இருக்கே. எங்கேர்ந்து வந்தது இது?"

"அது லாபம் டீச்சர்" என்றேன்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. எனக்கு மூக்கு மேல் கோபம். சிரிக்க என்ன இருக்கிறது? எங்கள் கரைக்கே தெரிந்த விஷயம் இந்தக் குளக்கரைப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. நாலு கிளிஞ்சலை எடுத்து மேசை மேலிருந்த பிஸ்கட் டப்பாவில் போட்டார்கள். "ஆத்துல போய் அம்மாகிட்ட சொல்லு. நாலு ஜாஸ்தியா இருக்காம்னு" என்றார்கள்.

நான் அப்படியே போய்ச் சொன்னேன். ஐயோ, சொல்லியிருக்கவே கூடாது.

"இன்னாது! என் எண்ணிக்கை தப்பாமா?" அம்மா அகப்பையோடு எழுந்துவிட்டாள். "கொறைஞ்சுச்சுன்னு சொன்னா மானம் போச்சு, ஒத்துக்கறேன். ஜாஸ்தியா குடுத்தா அது ஒரு தப்பா? கடலு நமக்கு எண்ணியா குடுக்குது? அது அள்ளிக் குடுக்கும், நாம மட்டும் கிள்ளிக் குடுக்கணுமா?" பையைப் பிடுங்கி, மேலும் நாலு கிளிஞ்சல் போட்டுக் கட்டினாள். மறுநாள் டீச்சர் அந்த நாலை எடுத்து டப்பாவில் போட்டார்கள். சாயங்காலம் அம்மா வேறு நாலு போட்டாள். இவள் விடுவாளா, அவர்கள் விடுவார்களா? நடுவில் நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வாரங்கள் போகப் போக டப்பாவில் கிளிஞ்சல் ஏறியது.

ஒருநாள் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். மீனெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு, வெறும் கூடையோடு. நாற்றம் வரும் என்று கூடையை வாசலுக்கு வெளியே கவிழ்த்து வைத்துவிட்டு, சண்டைக்குத் தயாராக நின்றாள். டீச்சர் எழுந்து, "வாங்கோ, உள்ளே வந்து உக்காருங்கோ" என்றார்கள். அம்மாவுக்கு வந்த கோபம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. மயிலாப்பூர் வீடுகளின் வாசலில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் 'வா', 'போ', 'தள்ளி நில்' மட்டும்தான்.

"எப்படி எண்ணறேள்னு எனக்குக் காட்டுங்கோ" என்றார்கள் டீச்சர். அம்மா உட்கார்ந்து காட்டினாள். இரண்டு கையும் பறந்தன. பிள்ளைகள் வாயைப் பிளந்தன. நூறு முடிய எத்தனை நேரம் ஆகியிருக்கும்? வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம்கூட இல்லை. டீச்சரும் முயன்று பார்த்தார்கள். ஒரு கைக்கு மூன்று வந்தது, மறு கையில் ஒன்று கீழே விழுந்தது. "கையப் பாக்காத டீச்சரம்மா, வாய் சொல்றத கை கேக்கும்" என்று அம்மா அவர்கள் விரலைப் பிடித்துத் திருத்தினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் தலை நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தேன்.

அப்புறம் டீச்சர் தயங்கித் தயங்கி, "நாலு நாலா எண்ணறது ரொம்ப நன்னா இருக்கு. நானும் இப்படியே சொல்லித் தரப் போறேன். ஆனா பள்ளிக்கூடத்து நூறுக்கு லாபம் கிடையாதும்மா. அதை மட்டும் இவகிட்ட சொல்லிடுங்கோ. இன்ஸ்பெக்டர் வரப்போறார்" என்றார்கள்.

"வூட்டுக்கு ஒரு நூறு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு நூறா? நல்லாக்கீது நாயம்!" என்றாள் அம்மா. அன்றைக்கும் பையில் நூற்று நாலுதான் இருந்தது.

வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால் மூன்றாம் வகுப்பு. சொல்லாவிட்டால் அதே பாயில் இன்னொரு வருஷம். எனக்கோ இன்னொரு வருஷம் கிடையாது, கூடைதான். காலையில் சோறு இறங்கவில்லை. மேலே அது தொங்கிக்கொண்டே இருந்தது. டீச்சர் அன்று பெற்றவர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அன்றைக்கு மீன் கூடையோடு வந்ததால் உள்ளே வராமல் ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

இன்ஸ்பெக்டர் தலைப்பாகையும் மூக்குக்கண்ணாடியுமாகக் கொஞ்சம் பயமுறுத்தினாலும், மோசமான மனுஷர் இல்லை. என்னைப் பார்த்ததும், "கரைப் பக்கத்துப் பெண்ணா? சரி, உனக்கு மீனிலேயே கேட்கிறேன். நூறு மீன் இருக்கிறது. நாலு நாலாக வைத்தால் எத்தனை கூறு வரும்?" என்றார்.

எனக்கு உள்ளே குதூகலம். இதுவா கேள்வி! கண்ணை மூடினேன். அம்மாவின் கைகள் வந்தன. முதல் வீச்சு மணலில் விழுந்தது. ஒவ்வொரு கூறாகக் கண்ணுக்குள்ளே எண்ணிக்கொண்டு போய், "இருபத்தாறு" என்றேன் உரக்க.

"அவசரப்படாதே. யோசித்துச் சொல்."

"இருபத்தாறுதான் ஐயா."

"நாலு இருபத்தாறு நூற்று நாலு ஆகாதோ?"

"ஆமாங்க. நூறுன்னா நூத்தி நாலுதான். வேணும்னா எங்க கரைக்கு வந்து எண்ணிப் பாருங்க!" என்றேன். என் வாய்க்கு அன்றைக்கும் பூட்டில்லை, இன்றைக்கும் இல்லை. சுவர் ஓரத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பென்சிலை எடுத்தார்.

"இவள் இந்த வகுப்பிலேயே இருக்கட்டும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசல் பக்கம் சத்தம் கேட்டுத் திரும்பினால் அம்மா உள்ளே வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் சேலையைச் செருகியிருந்தாள். அப்பாடா என்று இருந்தது. இன்ஸ்பெக்டர் தொலைந்தார் என்று நினைத்தேன். கடல் எண்ணியா கொடுக்கிறது என்று கேட்கப் போகிறாள், இவர் முழிக்கப் போகிறார்.

"யார் இது?" என்றார் அவர்.

"இவளோட அம்மா" என்றார்கள் டீச்சர்.

அம்மா என்னைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தாள். செருகியிருந்த சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"புள்ள மேல தப்பில்ல சாமி. நான்தான் தப்பா எண்ணிக் குடுத்துட்டேன். நூறுன்னா நூறுதான். எனக்கு எண்ணத் தெரியாது."

"இல்லைம்மா, நீங்க..." என்று டீச்சர் ஆரம்பித்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. "படிக்காத ஜென்மம் சாமி. இன்னொரு தபா கேளுங்க. சொல்லிடும்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரி. நூற்றில் எத்தனை நாலு?" என்று மறுபடியும் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். லாபத்தை விட்டுவிட்டால் இருபத்தைந்து. அது தெரியாதா எனக்கு? ஆனால் சொல்லாமல் அம்மாவைப் பார்த்தேன். அதைச் சொன்னால் அம்மாவின் எண்ணிக்கை தப்பு என்று நானும் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். கரையில் ஒருத்தர்கூடச் சொல்லாத வார்த்தையை நான், அவள் பெற்ற பெண், எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அம்மா லேசாகத் தலையை ஆட்டினாள். சொல்லு என்று.

"இருபத்தஞ்சு" என்றேன். அழுகை வந்துவிட்டது. பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து இன்ஸ்பெக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் தேறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதல் வேலையாகச் சின்னக் கூடையைக் கழற்றி, வெங்காயத்தைக் கொட்டி மூலையில் வைத்தாள். ஒரு வருஷமாக நான் வேண்டிக்கொண்டிருந்த காட்சி அது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. நைனா விஷயம் கேட்டதும், "தேறிட்டா" என்று மட்டும் சொன்னாள். எப்படி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் கரையில் வழக்கம்போல எண்ணினாள். லாபமும் போட்டாள். ஆனால் அந்தச் சொல்லை ராகமாகச் சொல்லாமல் உதட்டுக்குள்ளேயே சொன்னாள். நான் பக்கத்திலேயே நின்றதால் கேட்டது.

லீவு முடிந்து மூன்றாம் வகுப்பு ஆரம்பித்தது. அதற்கும் அதே டீச்சர்தான். புதுப் பை, புதிதாக நூறு என்றார்கள். அம்மா கிளிஞ்சல் பொறுக்கிக் கழுவி வைத்தாள். எண்ணும்போது நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பை கட்டியிருந்தது. யாரு வேணாலும் அவுத்துப் பாக்கட்டும் என்று அவள் சொல்லவில்லை. "எடுத்துக்கினு போ" என்றாள்.

வகுப்பில் அவிழ்த்துக் குவியல் வைத்தேன். பத்துக் குவியல் வந்தது. பாயைத் தடவிப் பார்த்தேன். பையை உதறினேன். ஒன்றும் விழவில்லை. சரியாக நூறு. டீச்சர் பார்த்துக்கொண்டே வந்தவர்கள், "பேஷ், சரியா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்கள். கீழே என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"அம்மாவா எண்ணினா?"

தலையாட்டினேன். "எங்கம்மா ஒருநாளும் தப்பா எண்ணினதில்ல டீச்சர்!" என்று கத்தினேன். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"தெரியும்டி. நேக்குத் தெரியாதா?" என்றார்கள். அப்புறம் என் குவியல்களையெல்லாம் அவர்களே பையில் அள்ளிப் போட்டு, வாயைக் கட்டி, என் மடியில் வைத்தார்கள்.

"ஆத்துல போய் அம்மாகிட்ட சொல்லு. நாலு குறையறதாம், டீச்சர் சொன்னான்னு."

நான் ஓடினேன். அம்மா வீட்டு வாசலில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க, "அம்மா, டீச்சர் பைய அவுத்துப் பாத்தாங்க. நாலு கொறையுதாம்" என்றேன்.

"கொறையுதா? என் எண்ணிக்கையா?" என்று தலையை நிமிர்த்தினாள். பழைய கோபம் அப்படியே வந்து நின்றது. அடுத்த நொடி, விஷயம் புரிந்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணுக்கு ஏத்தம் ஜாஸ்தி" என்றாள். பையை வாங்கி மணலில் கொட்டினாள். சேலையை இடுப்பில் செருகினாள். வலது கையில் இரண்டு, இடது கையில் இரண்டு எடுத்து, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி "லாபம்" என்று சொல்லிப் பைக்குள் போட்டாள்.